கடைசி நாற்பது பெட்டிகள்

திரும்பி வந்த பெட்டிகளுக்கென்று அந்தத் தொழிற்சாலையில் ஒரு தனி அறை இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் அது பாதிதான் நிறைந்திருந்தது. இப்போதோ கதவைத் திறந்தால் சிவப்பும் நீலமுமாக டிராலி பெட்டிகள் மேலே சரிந்து விழுந்தன. எங்கெங்கோ ஊர் சுற்றப் போய்க் கால் சுளுக்கி வீடு திரும்பியவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. முதலில் சக்கரம் கரகரக்கும், பிறகு ஒரு பக்கமாக இழுக்கும், பிறகு சுற்றவே சுற்றாது.

அந்தக் குவியலுக்கு நடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் லீவு மேடம்.

அவளுடைய அறை வாசலில் ‘மனிதவள அதிகாரி’ என்றுதான் பலகை தொங்கியது. ஆனால் லீவு கேட்பதற்கு மட்டுமே எல்லோரும் அந்த அறைக்குள் வந்தார்கள் என்பதால், முந்நூற்று இருபது தொழிலாளர்களும் சேர்ந்து வைத்த பெயர் அது. ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம் பழகிப்போய், போனில் யாரென்று கேட்டால் அவளே “லீவு மேடம் பேசறேன்” என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

அவள் மடியில் ஒரு காகிதம் இருந்தது. சக்கரம் மாட்டும் பிரிவில் வேலை செய்யும் பதினாலு பெண்களை வேலையிலிருந்து நீக்கும் பட்டியல். பெயர்களை எழுதவேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணம் எழுதவேண்டும், கீழே கையெழுத்துப் போடவேண்டும். மாதக் கடைசியில் பெரிய கடைக்காரர்களின் ஆய்வாளர் வருகிறார். அவர்களுக்கு நாற்பது ஊர்களில் கடைகள் உண்டு. போன முறை அவர் சோதித்த பத்துப் பெட்டியில் நாலு நொண்டியது. இந்த முறை பத்தில் குறைந்தது எட்டுப் பெட்டி தேறாவிட்டால் ஆர்டர் கிடையாது. “அவர் வரும்போது சக்கரத்துப் பொம்பளைங்க ஒருத்தர் கூட இருக்கக் கூடாது மேடம். எல்லாம் புது ஆளுங்க. நடவடிக்கை எடுத்துட்டோம்னு காட்டணும்” என்று உற்பத்தி மேலாளர் சொல்லிவிட்டார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. டார்கெட்.

பதினாலு பெயர்களில் ஒன்று அவளுடைய அண்ணியின் பெயர்.

அண்ணிதான் முதலில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். நாத்தனாரின் இரண்டு வருடப் படிப்பு அண்ணி மாட்டிய சக்கரங்களின் மேல்தான் ஓடியது. படிப்பு முடிந்து, அதே தொழிற்சாலையில் ஏசி அறையில் நாத்தனாருக்கு நாற்காலி கிடைத்தபோது, அண்ணி அன்றைக்கே ஒரு விதி போட்டாள்: “வாசல் தாண்டினா நீ மேடம், நான் வீல் செக்‌ஷன். வீட்டுக்கு வந்தா நீ பாப்பா, நான் அண்ணி. ரெண்டையும் கலக்காத.” பாப்பாவுக்கு முப்பத்தொரு வயது.

பட்டியல் எழுதுவதானால் நியாயமாக எழுதவேண்டும் என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு பெட்டியின் உள் துணிக்கு அடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். தேதி, மாட்டியவரின் எண், அந்த நாளின் வரிசை எண். யார் மாட்டியது அதிகம் கெட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, நிஜமாகவே கைவேலை சரியில்லாத நாலைந்து பேரோடு விஷயத்தை முடித்துவிடலாம் என்பது திட்டம்.

மூன்று மணி நேரம் எண்ணினாள். துணியைப் பிரித்துப் பிரித்து நகக்கண் வலித்தது. எண்ணி முடித்தபோது காகிதத்தில் இருந்தது ஒரு அசட்டுக் கணக்கு. பதினாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மாட்டுவதில் மகா சுறுசுறுப்பு என்று பெயர் வாங்கிய பெண்ணும் சரி, தூங்குமூஞ்சி என்று திட்டு வாங்கியவளும் சரி, அண்ணியும் சரி. பதினாலு பேர் ஒரே மாதிரி நல்லவர்களாக இருக்கலாம். ஒரே மாதிரி கெட்டவர்களாக இருக்க முடியுமா?

எரிச்சலோடு சீட்டுகளை மறுபடி புரட்டினாள். அப்போதுதான் அந்த மூன்றாவது எண் கண்ணில் பட்டது. இருநூற்று அறுபத்தெட்டு. இருநூற்று எழுபத்தொன்று. இருநூற்றுத் தொண்ணூறு. இருநூற்று எண்பத்து மூன்று. ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி செய்கிறார்கள். அறையில் கிடந்தவற்றில் இருநூற்று அறுபதுக்குக் கீழே எண் உள்ளது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

கெட்டுப்போனது இன்னார் மாட்டிய பெட்டிகள் என்று இல்லை. சாயங்காலம் மாட்டிய பெட்டிகள்.

*

மறுநாள் நாலே முக்காலுக்கு அவள் சக்கரப் பிரிவுக்குப் போனாள். இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கட்டடத்தின் கடைசி மூலை. நீள மேஜை, மேலே தொங்கும் காற்றுக் குழாய்கள், ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஸ்குரூ முடுக்கும் கன். மேஜையின் கோடியில் அண்ணி.

“வாங்க மேடம்” என்றாள் அண்ணி, முன்பின் பார்த்திராதவளைப்போல.

பக்கத்தில் இருந்தவள், ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள். “யாருக்கு லீவு மேடம், வீடு தேடி வந்து குடுக்கறீங்க?”

மேஜையே சிரித்தது. ஆனால் கைகள் நிற்கவில்லை. பெட்டியின் அடியில் சக்கரக் கூடு உட்காரும் பள்ளத்தில் ஒட்டுகிற கம் தடவினார்கள், கூட்டை அழுத்தினார்கள், ஒதுக்கி வைத்தார்கள். இருபது நிமிடம் காயவேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்குரூ. கடைசியாகச் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டி, காதை அருகே கொண்டுபோய்க் கேட்பார்கள். சத்தம் வராவிட்டால் பெட்டி தேறியது.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கடைசி நாற்பது பெட்டிகளுக்குக் கம் தடவினார்கள். லீவு மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபத்தைந்து வரை காயவேண்டும்.

ஐந்து பத்துக்கே கன்கள் உறும ஆரம்பித்தன.

ஈரக் கம் கூட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடாகப் பிதுங்கியது. கூடு ஒரு மயிரிழை நகர்ந்து உட்கார்ந்தது. யாரும் சக்கரத்தைச் சுண்டவில்லை. யாரும் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பெட்டிகள் வண்டியில் ஏறின, கைகள் துடைக்கப்பட்டன, பைகள் தோளில் ஏறின. பிறகு ஓட்டம். அறுவைசிகிச்சை செய்த முழங்காலோடு அண்ணியும் ஓடினாள்.

பின்னாலேயே வந்த லீவு மேடம் வாசலில் நின்றாள். ஐந்தரைக்கு இன்னும் ஏழு நிமிடம் இருக்கும்போதே இருநூறு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். வரிசையின் தலைமாட்டில், சுவரில், பச்சை விளக்கோடு, வருகையைப் பதிவு செய்யும் அந்த விரல் மெஷின். ஐந்தரைக்கு முன்னால் விரல் வைத்தால் அரை நாள் சம்பளம் போகும். விரல் வைக்காமல் போனாலும் போகும், காலையில் தாமதமாக வைத்தாலும் போகும். ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். விட்டால் மெயின் ரோடு வரை அரை மணி நடை.

ஐந்தரை ஆனது. ஒரு விரல். “நன்றி” என்றது மெஷின். அடுத்த விரல். “நன்றி.”

அவள் கைக்கடிகாரத்தில் பார்த்தாள். ஆளுக்கு நாலு விநாடி. முந்நூற்று இருபது பேருக்கு இருபத்தோரு நிமிடம். பஸ் நிற்பது பதினைந்து நிமிடம். யார் கடைசி மூலையிலிருந்து வருகிறார்களோ அவர்கள் எப்படியும் வரிசையின் வாலில்தான். தையல் பிரிவில் விட்ட இடத்தில் விட்டுவிட்டு எழுந்துவிடலாம். கம்முக்கு அது தெரியாது.

அந்த மெஷினை வாங்கச் சொன்னது அவள். அந்த அரை நாள் விதியை எழுதியது அவள். வைத்த அன்று அலுவலகத்தில் இருந்த பதினோரு பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ‘ஒழுங்குக்கான சிறந்த முயற்சி’ என்று கண்ணாடியில் பொறித்து ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

“நன்றி” என்றது மெஷின். “நன்றி. நன்றி. நன்றி.”

*

கேடயம் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. வாரம் ஒரு முறை அண்ணி அதைத் துடைப்பாள். அன்று லீவு மேடம் வந்ததும் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“என்ன பாப்பா?”

“தெரியுமா அண்ணி உங்களுக்கு? மெஷினாலதான் சக்கரம் கெடுதுன்னு?”

அண்ணி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “எங்க எல்லாருக்கும் தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“உன் மெஷினாச்சே. எப்படிச் சொல்றது? நீ அதைக் கொண்டாந்த அன்னைக்கு உங்கண்ணன் தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டு வந்தாரு. நான் போய் அவர்கிட்ட, உங்க தங்கச்சி மெஷின் சரியில்லன்னு சொல்லவா?”

“மத்தவங்க சொல்லியிருக்கலாமே.”

“யார்கிட்ட? உன் ரூமுக்கு வந்தா ‘என்ன, லீவா?’ன்னுதானே கேப்ப.”

அது சுருக்கென்று தைத்தது. சமையலறையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். “ரெண்டு பேரும் ஆபீஸ் பேசினா சோறு யாரு போடறது?”

“நீங்க” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“பட்டியல் குடுத்திருக்காங்க அண்ணி. பதினாலு பேர்.”

அண்ணியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தாள். “எழுதிட்டியா?”

“இல்ல. நாளைக்கு முதலாளியம்மாகிட்ட போய் மெஷின் தப்புன்னு சொல்லப் போறேன்.”

“அண்ணியைக் காப்பாத்த வந்தியான்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

“கேக்கக் கூடாது” என்றாள் அண்ணி. “அந்தப் பட்டியல்ல முதல் பேரா என் பேரை எழுது. எழுதிட்டு அப்புறம் போய்ப் பேசு. எவ வாயும் நம்ம வீட்டு மேல விழக் கூடாது.”

*

முதலாளியம்மா யோசிக்கும்போது கையில் கிடைத்த பெட்டியின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுவாள். லீவு மேடம் பேசி முடிக்கும்வரை ஜிப் போய் வந்துகொண்டே இருந்தது. டார்கெட் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

“மெஷினை எடுத்துட்டா நாளைக்கே பாதிப் பேரு பத்து மணிக்கு வருவாங்கம்மா” என்றார் அவர். “இவங்களுக்கு என்ன, அண்ணி வேலை போயிடுமேன்னு...”

லீவு மேடம் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். முதல் பெயர் அண்ணியுடையது. அதற்குக் கீழே பதின்மூன்று. அதற்கும் கீழே, பதினைந்தாவதாக, அவளுடைய பெயர். பக்கத்தில் காரணம்: ‘விதியை எழுதியவர்.’

ஜிப் நின்றது.

“மூணு வாரம் குடுங்கம்மா. மெஷினை அணைச்சிடறேன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நோட்டு. வந்த நேரம், போற நேரம் அவங்களே எழுதட்டும். பஸ் ஆறு மணிக்குக் கிளம்பட்டும். முந்நூறு முடியலைன்னா மிச்சம் காலையில முடியட்டும். ஆய்வாளர் பெட்டியை ஓட்டிப் பார்க்கட்டும். எட்டு தேறலைன்னா பதினஞ்சு பேரும் போறோம். நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“நீ வாங்கச் சொன்ன மெஷினை நீயே தப்புன்னு சொல்றியா?”

“பதினோரு பேரை வச்சுப் பார்த்துட்டு முந்நூறு பேருக்கு மாட்டிட்டேன்மா. முட்டாள்தனம்.”

முதலாளியம்மா டார்கெட்டைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். “இந்த ஆபீஸ்ல ‘என் தப்பு’ன்னு ஒரு வார்த்தையை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “திங்கக்கிழமை ஆரம்பி.”

*

திங்கட்கிழமை மெஷினின் பச்சை விளக்கு அணைந்தது. பழக்கதோஷத்தில் நாலு பேர் அதன்மேல் விரல் வைத்துவிட்டு, நன்றி வராமல் திகைத்து நின்றார்கள்.

முதல் வாரம் பஸ் டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். முந்நூறு வரவேண்டிய இடத்தில் இருநூற்று எழுபது வந்தது. டார்கெட் தினமும் அவள் அறை வாசலில் நின்று, “முப்பது குறைவு மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது நாளே ரேடியோ எட்டு இருபதுக்கு வந்து எட்டு மணி என்று எழுதினாள்.

“அடியே, பேனாவை எடு” என்றாள் அண்ணி. “மெஷின் இருந்தப்ப நீ அதை ஏமாத்தப் பார்த்த, சரி. இப்ப யாரை ஏமாத்தற? பக்கத்துல உக்காந்திருக்கிற என்னை?”

“இருபது நிமிஷம்தானே அக்கா!”

“கம் காயற நேரம்டி அது.”

ரேடியோ அடித்துத் திருத்தி எழுதினாள். அன்று முழுக்க அவள் பேசாமல் வேலை செய்தது வேறு பிரிவுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அதிசயம்.

இரண்டாவது வாரம் லீவு மேடம் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆட்கள் வராத நாட்கள் குறைந்தன. நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. முன்பெல்லாம் ஆறு நிமிடம் தாமதமானவர்கள், அரை நாள் போனது போனதுதான் என்று மத்தியானம் வரை வீட்டிலேயே படுத்துவிடுவார்கள். இப்போது ஆறு நிமிடம் தாமதம் என்றால் வெறும் ஆறு நிமிடம்தான். ஓடி வந்தார்கள், எழுதினார்கள், உட்கார்ந்தார்கள். காலையில் மேஜை நிறைந்தது. எண்ணிக்கை இருநூற்றுத் தொண்ணூறு ஆனது, முந்நூறு ஆனது. மூன்றாவது வாரம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அன்றும் டார்கெட் வாசலில் வந்து நின்றார். எண்ணிக்கையை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் நடந்தது. அவள் அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லீவுக்கு இல்லை. விளக்கு கண்ணைக் கூசுகிறது, கம் டப்பா எட்டாத உயரத்தில் இருக்கிறது, கைப்பிடிக்கு வரும் கம்பி வளைந்து வருகிறது. அவள் கேட்டுக்கொண்டாள். எழுதிக்கொண்டாள். மறுநாள் கம் டப்பா கீழே இறங்கியது.

*

ஆய்வாளர் மாதக் கடைசியில் வந்தார். டிராலி பெட்டிகளைச் சோதிக்க வந்த மனிதர் தோளில் ஒரு துணிப்பையைத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். கிடங்கில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு முன்னால் நின்று, “எதை எடுக்கட்டும்?” என்றார், தமக்குத்தாமே.

“இருநூற்று அறுபதுக்கு மேல எண் போட்டதை மட்டும் எடுங்க சார்” என்றாள் லீவு மேடம். “கெட்டதெல்லாம் அதுலதான் இருந்தது.”

டார்கெட்டின் முகம் வெளுத்தது. ஆய்வாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் காதருகே வந்தார். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? அவரா கேட்டாரு?”

“நல்லதை மட்டும் காட்டி ஜெயிச்சா அடுத்த மாசம் மறுபடி அந்தத் திரும்பி வர்ற பெட்டி ரூம் நிறையும் சார்.”

ஆய்வாளர் பத்துப் பெட்டிகளை எடுத்தார். பத்தும் கடைசி நாற்பதைச் சேர்ந்தவை, வேறு வேறு நாட்களைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் இருபது கிலோ மணல் மூட்டை. மேடு பள்ளம் வைத்த ரப்பர்ப் பட்டை ஒன்று ஓயாமல் சுழலும் சோதனை மெஷினில் ஐந்தைந்தாகக் கட்டினார். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். ஒரு மணிக்குப் பட்டை ஓட ஆரம்பித்தது.

தடதடவென்ற அந்தச் சத்தம் சக்கரப் பிரிவு வரை கேட்டது. பெண்கள் கன்னை முடுக்குவார்கள், நிறுத்துவார்கள், காதைத் தீட்டிக்கொள்வார்கள். கரகரப்பு வருகிறதா? “உன் மூச்சுதான்டி கரகரங்குது, வாயை மூடு” என்றாள் ஒருத்தி ரேடியோவிடம். லீவு மேடம் பட்டையின் பக்கத்திலேயே நின்றாள். உட்கார நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. முதல் ஐந்து முடிந்தது. ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுண்டி, காதை வைத்துக் கேட்டார். ஐந்தையும் தேறிய பக்கம் ஒதுக்கிவிட்டு அடுத்த ஐந்தைக் கட்டினார். முதலாளியம்மா வந்து நின்றாள். பக்கத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. ஜிப் போய் வந்தது.

ஐந்து பத்துக்குப் பட்டை நின்றது.

ஆய்வாளர் குனிந்தார். ஆறு, ஏழு, எட்டு. எட்டாவது பெட்டியின் சக்கரம் சுழன்றபோது டார்கெட் விட்ட மூச்சு எல்லோருக்கும் கேட்டது. ஒன்பது. பத்தாவது பெட்டியின் சக்கரம் வெண்ணெயில் சுற்றுவதுபோல், நிற்க மனமில்லாமல், சுற்றிக்கொண்டே இருந்தது. அது தானாக நிற்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

“பத்துக்குப் பத்து. என் சர்வீஸ்ல மூணு தடவைதான் இப்படிப் பார்த்திருக்கேன்.” பையிலிருந்து பேனாவை எடுத்தார். “போன முறை வந்தப்போ இதே ஆளுங்கதானா?”

“இதே ஆளுங்கதான்” என்றாள் முதலாளியம்மா. “ஒருத்தர் கூட மாறலை.” தன் கோப்பிலிருந்து பதினைந்து பெயர் எழுதிய காகிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்து, லீவு மேடத்தின் கையில் கொடுத்தாள். “குப்பைக்கூடை எங்க இருக்குன்னு தெரியுமில்ல? அடுத்த மாசத்திலிருந்து ரெட்டை ஆர்டர். இன்னொரு மேஜை போடணும். ஆள் எடு.”

கிழிந்த துண்டுகளை அவள் கைக்குள் கசக்கிக்கொண்டாள். அதற்குள் டார்கெட் கிளம்பிவிட்டார். நிதானமாக நடந்தே பழக்கப்பட்ட மனிதர், சட்டை வெளியே வர, கட்டடத்தின் கடைசி மூலைக்கு ஓடினார். அவர் பின்னால் அவளும் ஓடினாள்.

“பத்துக்குப் பத்து!” கதவிலிருந்தே கத்தினார். “எல்லாரும் வெளிய வாங்க! அம்மா கூப்பிடறாங்க! எல்லாருக்கும் டீ!”

ரேடியோ துள்ளி எழுந்தாள். யாரோ விசில் அடித்தார்கள். ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணி மட்டும் எழவில்லை. அவளுக்கு முன்னால் அன்றைய கடைசி நாற்பது பெட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. நாத்தனாரைப் பார்த்த அவள் கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் குரல் கறாராகத்தான் வந்தது.

“இன்னும் ஏழு நிமிஷம் மேடம். கம் காயல.”

எழுந்த பெண்கள் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள். டார்கெட் வாசலில் நின்று விழித்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தானும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். வெளியே ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ரேடியோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தெருவே கேட்கும்படி குரல் கொடுத்தாள்: “நில்லுப்பா, ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு! நாங்க வராம நீ எங்க போயிடப் போற?”

ஏழு நிமிடம் முடிந்தது. பதினாலு கன்களும் ஒரே நேரத்தில் உறுமின.